ஒரே ஆர்டர் திரையில் வருகிறது, பேக்கிங் சிட்டையில் விழுகிறது: ஹைபர்னேட் லேசி லோடிங் பிழை

பட்டாலை_பையன் (காரைக்குடி) – காலை 6:50

வணக்கம். பக்கத்து ஊரில் ஓர் ஆச்சி பலகாரத் தொழில் நடத்துகிறார். கல்யாணம், சாந்தி, புதுமனை என்று ஆர்டர் வரும். மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் எல்லாம் கிலோக் கணக்கில் சென்னைக்கும் கோவைக்கும் போகும். அவருக்கு ஆர்டர் எடுக்கும் மென்பொருளை நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஜாவா 17, ஸ்பிரிங் பூட் 3, உள்ளே தரவுத்தளத் தகவலை ஜாவா ஆப்ஜெக்ட்டாக எடுத்துத் தரும் ஹைபர்னேட் 6, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ்.

ஆர்டர் திரையில் எல்லாம் ஒழுங்காக வருகிறது. வாடிக்கையாளர் பெயர், என்னென்ன பலகாரம், எத்தனை கிலோ, முன்பணம் எவ்வளவு, ஒன்றும் குறைவில்லை. ஆனால் ஆர்டரைச் சேமித்தவுடன் பின்னணியில் ஒரு பேக்கிங் சிட்டை பிடிஎஃப் ஆகத் தயாராகி அடுப்படி பக்கம் இருக்கும் பிரிண்டருக்குப் போக வேண்டும். அங்கேதான் விழுகிறது. லாக்கில் இருப்பது இதுதான்: "ஃபெயில்ட் டு லேசிலி இனிஷியலைஸ் எ கலெக்ஷன் ஆஃப் ரோல்: ஆர்டர்.ஐட்டம்ஸ்: குட் நாட் இனிஷியலைஸ் ப்ராக்ஸி - நோ செஷன்".

என் லேப்டாப்பில் பத்துக்கு ஏழு தடவை சரியாக வருகிறது. ஆச்சி வீட்டுக் கணினியில் பெரும்பாலும் வருவதில்லை. இரண்டு நாளாக அவர் கையாலேயே சிட்டை எழுதி ஆட்களிடம் கொடுக்கிறார். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் குவிகிறது, எனக்குத் தூக்கமில்லை. மெத்தடை ஒரு தரவுத்தள டிரான்ஸாக்ஷனுக்குள் ஓட்டும் @டிரான்ஸாக்ஷனல் போட்டும் பார்த்துவிட்டேன், அதே பிழை.

தேவகோட்டை_தம்பி – காலை 7:15

ஐட்டம்ஸ் மேல் ஃபெட்ச் டைப்பை ஈகர் ஆக்கிவிடுங்கள் அண்ணே, ஒரு வரிதான். லேசி என்றால் தொடும்போதுதான் எடுக்கும், ஈகர் என்றால் ஆர்டரோடு சேர்த்தே எடுத்துவிடும். நான் எல்லா ப்ராஜெக்ட்டிலும் அப்படித்தான் செய்கிறேன், இந்தப் பிழையே வராது.

கோட்டையூர்க்காரர் – காலை 7:40

தம்பி இருவரும் கொஞ்சம் பொறுங்கள். ஈகர் போட்டால் இந்தச் சிட்டை அச்சாகிவிடும், அது உண்மை. ஆனால் "பத்துக்கு ஏழு தடவை வருகிறது" என்று சொன்னீர்களே, அது என்னவென்று தெரியாமல் மூடி வைத்தால் வேறு ரூபத்தில் திரும்ப வரும். சிட்டை தயாரிக்கும் பகுதியை எப்படிக் கூப்பிடுகிறீர்கள், எது எந்த கிளாஸில் இருக்கிறது, @டிரான்ஸாக்ஷனல் எந்த மெத்தட் மேல் இருக்கிறது என்று எழுதுங்கள். ஓபன் இன் வியூ அமைப்பைத் தொட்டீர்களா?

பட்டாலை_பையன் – காலை 8:05

ஓபன் இன் வியூ எதையும் நான் தொடவில்லை. தொடங்கும்போது லாக்கில் அதைப் பற்றி ஒரு எச்சரிக்கை வரும், நான் கண்டுகொண்டதில்லை.

ஆர்டர் சர்வீஸில் சேமி என்ற மெத்தட், அதன் மேல் @டிரான்ஸாக்ஷனல். அதற்குள் ரெப்போசிட்டரியில் சேமித்துவிட்டு, கடைசி வரியில் சிட்டை சர்வீஸின் அச்சிடு மெத்தடை ஆர்டர் ஆப்ஜெக்ட்டோடு கூப்பிடுகிறேன். அச்சிடு மேல் @அசிங்க் இருக்கிறது (பின்னணியில் தனி த்ரெட்டில் ஓடும்), ஏனென்றால் பிரிண்டர் மெதுவானது, திரை காத்திருக்கக் கூடாது. அச்சிடு உள்ளே அதே கிளாஸில் பிடிஎஃப்_உருவாக்கு என்ற பிரைவேட் மெத்தட், அதன் மேல்தான் முதலில் @டிரான்ஸாக்ஷனல் போட்டேன். நடக்கவில்லை என்றதும் அச்சிடு மேலும் போட்டேன். இரண்டுக்கும் பலனில்லை.

பழைய ஆர்டருக்கு "மறு அச்சு" பொத்தானும் உண்டு. அதுவும் அச்சிடு மெத்தடைத்தான் கூப்பிடுகிறது. அதிலும் இப்படித்தான்.

கோட்டையூர்க்காரர் – காலை 9:20

இப்போது புரிகிறது. மூன்று விஷயம் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

முதலில் இந்தப் பிழையின் பொருள். நம்ம பக்கத்துப் பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், எல்லாம் பூட்டிக் கிடக்கும், சாவிக்கொத்து ஒருவரிடம் இருக்கும். அவர் வீட்டில் இருக்கும் வரை எந்த அறை வேண்டுமென்றாலும் கேட்டுத் திறக்கலாம். அவர் கதவைச் சாத்திக்கொண்டு மதுரை பஸ் ஏறிவிட்டால், அறைக்குள் சாமான் இருப்பது உங்களுக்குத் தெரியும், எடுக்க முடியாது. ஆர்டரைக் கொண்டுவரும்போது ஹைபர்னேட் ஐட்டம்ஸைக் கொண்டுவருவதில்லை. அந்த இடத்தில் தன்னுடைய ஒரு கலெக்ஷனை வைக்கிறது, அது தன்னை உண்டாக்கிய செஷனை (தரவுத்தளத்தோடு ஹைபர்னேட் பேசும் தொடர்பு, நம்ம கதையில் சாவிக்காரர்) நினைவு வைத்திருக்கிறது. நீங்கள் ஐட்டம்ஸைத் தொடும் கணத்தில் அந்தச் செஷன் வழியாகப் போய் எடுத்து வரும். செஷன் மூடியிருந்தால் "நோ செஷன்". தரவுத்தளத்தில் தகவல் இருக்கிறது, கேட்பதற்குத்தான் வழியில்லை.

அடுத்து உங்கள் @டிரான்ஸாக்ஷனல் ஏன் வேலை செய்யவில்லை. ஸ்பிரிங் இதை ஒரு ப்ராக்ஸி (உங்கள் கிளாஸுக்கு முன்னால் நிற்கும் இடையாள்) வழியாகத்தான் செய்கிறது. வெளியிலிருந்து அந்த பீனை (ஸ்பிரிங் உருவாக்கி வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்டை) கூப்பிட்டால்தான் ப்ராக்ஸி நடுவில் வரும். ஒரே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொன்றைக் கூப்பிட்டால் ப்ராக்ஸி கிடையாது, பிரைவேட் மெத்தடுக்கு அறவே கிடையாது. பிழையும் காட்டாது, பேசாமல் விட்டுவிடும். அதனால் பிடிஎஃப்_உருவாக்கு மேல் நீங்கள் எழுதியது இல்லாததற்குச் சமம்.

சரி, அச்சிடு மேல் போட்டதாவது வேலை செய்திருக்க வேண்டாமா என்றால், அது வேலை செய்தது. புதிய த்ரெட்டில் புதிய டிரான்ஸாக்ஷன், புதிய செஷன் எல்லாம் திறந்தது. ஆனால் நீங்கள் கையில் கொடுத்தனுப்பிய ஆர்டர் ஆப்ஜெக்ட் பழைய செஷனைச் சேர்ந்தது. புதிய செஷன் திறந்ததால் பழைய ஆப்ஜெக்ட் அதோடு தானாக ஒட்டிக்கொள்ளாது. பலர் இந்த இடத்தில்தான் ஒரு நாள் முழுவதையும் தொலைக்கிறார்கள். டிரான்ஸாக்ஷன் இருக்கிறது, லாக்கிலும் தெரிகிறது, பிறகு ஏன் விழுகிறது என்று.

இனி அந்தப் பத்துக்கு ஏழு. ஸ்பிரிங் பூட்டில் ஓபன் இன் வியூ இயல்பாகவே ஆன் செய்யப்பட்டிருக்கும், அதைத்தான் அந்த எச்சரிக்கை சொல்கிறது. அப்படியென்றால் ரிக்வெஸ்ட் முடியும் வரை செஷன் திறந்தே இருக்கும். அதனால்தான் திரையில் உங்களுக்குப் பிழையே வரவில்லை. பின்னணி த்ரெட் வேகமாக ஓடி, ரிக்வெஸ்ட் முடிவதற்குள் ஐட்டம்ஸைத் தொட்டுவிட்டால், அது வேறொரு த்ரெட்டின் திறந்த செஷனுக்குள் கைவிட்டு எடுத்துக்கொள்கிறது. தாமதமானால் செஷன் மூடிவிடும், விழும். உங்கள் லேப்டாப்பிலும் ஆச்சி கணினியிலும் வேகம் வேறு, அவ்வளவுதான் வித்தியாசம். ஹைபர்னேட் செஷன் இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் தொடுவதற்காகக் கட்டப்பட்டதல்ல. ஆகவே விழுந்த மூன்றை விட "வெற்றி" பெற்ற அந்த ஏழு தடவைதான் எனக்குப் பயம் தருகிறது.

செய்ய வேண்டியது: அச்சிடு மெத்தடுக்கு ஆர்டரைக் கொடுக்காதீர்கள், ஆர்டர் எண்ணை மட்டும் கொடுங்கள். உள்ளே போனதும் அந்த எண்ணை வைத்துப் புதிதாக, ஐட்டம்ஸோடு சேர்த்தே எடுங்கள். ரெப்போசிட்டரியில் இப்படி ஒரு க்வெரி:

செலக்ட் ஓ ஃப்ரம் ஆர்டர் ஓ ஜாயின் ஃபெட்ச் ஓ.வாடிக்கையாளர் ஜாயின் ஃபெட்ச் ஓ.ஐட்டம்ஸ் ஐ ஜாயின் ஃபெட்ச் ஐ.பலகாரம் வேர் ஓ.ஐடி = :ஐடி

சிட்டைக்கு வேண்டிய எல்லாம் ஒரே தடவையில் வந்துவிடும்.

பட்டாலை_பையன் – பகல் 12:10

அண்ணே, மாற்றினேன். மறு அச்சு இருபது தடவை அடித்துப் பார்த்தேன், இருபதும் வந்தது. ஆனால் புது ஆர்டர் சேமிக்கும்போது சில நேரம் "ஆர்டர் கிடைக்கவில்லை" என்று என்னுடைய சொந்தப் பிழைச் செய்தி வருகிறது. தரவுத்தளத்தில் போய்ப் பார்த்தால் ஆர்டர் இருக்கிறது.

புதுவயல்_நிரலி – பகல் 12:35

நீங்கள் பார்க்கும்போது இருக்கிறது, அந்த த்ரெட் பார்த்தபோது இல்லை. சேமி மெத்தடின் கடைசி வரியில்தானே அச்சிடு கூப்பிடுகிறீர்கள்? அந்த வரி ஓடும்போது டிரான்ஸாக்ஷன் இன்னும் கமிட் ஆகவில்லை (தரவுத்தளத்தில் உறுதியாகப் பதியவில்லை), மெத்தட் முடிந்து வெளியே வந்தபிறகுதான் ஆகும். பின்னணி த்ரெட் முந்திக்கொண்டு தேடினால் கமிட் ஆகாத ஆர்டர் அதன் கண்ணுக்குத் தெரியாது.

சேமி உள்ளே ஒரு ஈவென்ட் மட்டும் வெளியிடுங்கள், அதில் ஆர்டர் எண் மட்டும் இருக்கட்டும். அதைக் கேட்கும் மெத்தட் மேல் @டிரான்ஸாக்ஷனல்ஈவென்ட்லிஸனர் போடுங்கள். இயல்பாகவே அது கமிட் ஆனபிறகுதான் ஓடும். அந்த லிஸனர் சிட்டை சர்வீஸின் அச்சிடு மெத்தடை எண்ணோடு கூப்பிட்டால் போதும். ஒன்றைக் கவனியுங்கள்: டிரான்ஸாக்ஷன் இல்லாத இடத்திலிருந்து அந்த ஈவென்டை வெளியிட்டால் லிஸனர் ஓடவே ஓடாது, சத்தமும் வராது. அதனால் மறு அச்சு பொத்தான் ஈவென்ட் வழியாகப் போக வேண்டாம், அச்சிடு மெத்தடை நேரடியாகவே கூப்பிடட்டும்.

இன்னொன்று, கமிட் ஆகி அச்சாவதற்குள் கரண்ட் போனால் அந்தச் சிட்டை போனதுதான். நம்ம ஊர்ப் பக்கம் அது நடக்காத கதை இல்லை. ஆர்டர் டேபிளில் "சிட்டை அச்சானது" என்று ஒரு நெடுவரிசை வைத்து, அச்சாகாதவற்றை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தேடி அடிப்பது நல்லது.

பட்டாலை_பையன் – பகல் 2:00

அதேதான் அக்கா. வேலை செய்கிறது. ஆச்சியைப் போனில் கூப்பிட்டு ஓர் ஆர்டர் போடச் சொன்னேன், சிட்டை வந்துவிட்டது என்றார். கரண்ட் விஷயத்துக்கு அந்த நெடுவரிசையைச் சேர்த்துவிட்டேன்.

தேவகோட்டை_தம்பி – பகல் 2:25

எனக்கு இன்னும் பதில் வரவில்லை. ஈகர் போட்டிருந்தால் இவ்வளவு நேரம் ஆகியிருக்காதே? அதில் என்னதான் தவறு?

கோட்டையூர்க்காரர் – பகல் 3:10

நியாயமான கேள்வி, நானும் சில வருடம் அப்படித்தான் எழுதினேன்.

ஈகர் என்பது என்டிட்டி (தரவுத்தள டேபிளுக்கு ஒத்த ஜாவா கிளாஸ்) மேல் எழுதப்படுகிறது. அதாவது அந்த ஆர்டரை யார், எங்கே, எதற்காக எடுத்தாலும் ஐட்டம்ஸும் கூடவே வந்தாக வேண்டும். ஆச்சிக்கு "இன்று எத்தனை ஆர்டர் அனுப்ப வேண்டும்" என்ற ஓர் எண்ணிக்கைத் திரை, தேதி மட்டும் காட்டும் காலண்டர் திரை, இதற்கெல்லாம் ஐட்டம்ஸ் எதற்கு? பிறகு யாராவது பலகாரம் மேலும் ஈகர் போடுவார்கள், பலகாரத்திலிருந்து மூலப்பொருள் மேலும் போடுவார்கள். ஓர் ஆர்டரைக் கேட்டால் உளுந்து கொள்முதல் வரைக்கும் இழுத்துக்கொண்டு வரும்.

அதைவிட முக்கியம், ஈகர் போட்டால் ஒரே க்வெரியில் வரும் என்று நினைக்கிறீர்கள். ஐடி வைத்துத் தேடினால் ஜாயின் செய்து ஒன்றாக எடுக்கும், சரி. நீங்களே ஜேபிக்யூஎல் (என்டிட்டிகளை வைத்து எழுதும் க்வெரி மொழி) க்வெரியை ஜாயின் ஃபெட்ச் இல்லாமல் எழுதினால் அந்த க்வெரியை அப்படியே ஓட்டிவிட்டு, வந்த ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியாக இன்னொரு க்வெரி ஓட்டும். நூறு ஆர்டர் என்றால் நூற்றியொன்று. "என் (N) பிளஸ் ஒன்" என்று சொல்வார்களே, அது இதிலும் வரும். ஒரு தடவை ஈகர் என்று எழுதிவிட்டால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வேண்டாம் என்று விலக்குவதும் கடினம். லேசி என்று வைத்துவிட்டு வேண்டிய இடத்தில் ஜாயின் ஃபெட்ச் செய்வது எளிது.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா, ஹைபர்னேட் பின்பற்றும் ஜாவா தரநிலையான ஜேபிஏவில் ஒன்-டு-மெனி (ஓர் ஆர்டருக்குப் பல ஐட்டம்), மெனி-டு-மெனி இரண்டும் இயல்பாக லேசி. ஆனால் மெனி-டு-ஒன் (பல ஆர்டருக்கு ஒரு வாடிக்கையாளர்), ஒன்-டு-ஒன் இரண்டும் இயல்பாக ஈகர். அதனால் வாடிக்கையாளர், பலகாரம் போன்றவற்றின் மேல் லேசி என்று நீங்களே கையால் எழுத வேண்டும். இதை மறந்தால் யாரும் போடாத ஈகர் உள்ளே இருக்கும்.

கானாடுகாத்தான்_நிரலர் – மாலை 4:00

ஓபன் இன் வியூ பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் அதைத் திட்டுகிறார்கள். நான் உள்ளூர் ஹோம்ஸ்டேக்களுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதுகிறேன், தைம்லீஃப் (சர்வரிலேயே பக்கத்தை உருவாக்கும் டெம்ப்ளேட்) திரைகள், பயன்படுத்துவது மூன்று நான்கு பேர். அது ஆன் ஆகத்தான் இருக்கிறது, ஒரு தொந்தரவும் இல்லை. சின்ன வேலைக்கு அதை அணைத்துவிட்டு ஒவ்வொரு திரைக்கும் க்வெரி எழுத வேண்டுமா? இன்னொரு அமைப்பும் இருக்கிறது, ஹைபர்னேட்டில் எனேபிள்_லேசி_லோட்_நோ_டிரான்ஸ் என்று, அதை ட்ரூ ஆக்கினால் செஷன் இல்லாமலும் எடுத்துக்கொடுக்கும்.

புதுவயல்_நிரலி – மாலை 4:30

உங்கள் இரண்டாவது யோசனையை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அது ஒவ்வொரு தொடுதலுக்கும் தற்காலிகமாக ஒரு செஷன் திறந்து, எடுத்து, மூடுகிறது. ஆர்டரை ஒரு கணத்தில் படித்தீர்கள், ஐட்டம்ஸை வேறொரு கணத்தில், வேறொரு டிரான்ஸாக்ஷனில் படிக்கிறீர்கள். நடுவில் ஆச்சி 5 கிலோவை 8 கிலோ என்று மாற்றியிருந்தால் மொத்தத் தொகை பழையது, வரிகள் புதியது. சிட்டை ஒன்று சொல்லும், பில் ஒன்று சொல்லும்.

ஓபன் இன் வியூ அவ்வளவு மோசமில்லை, உங்கள் மாதிரி நான்கு பேர் பயன்படுத்தும் இடத்தில் ஓடிவிடும். என் வருத்தம் கனெக்ஷனில்தான். தரவுத்தளக் கனெக்ஷன்களைப் பகிர்ந்து தரும் ஹிக்காரி பூலில் இயல்பாக அதிகபட்சம் 10 கனெக்ஷன், கிடைக்காவிட்டால் 30 நொடி காத்திருந்து பிழை தரும். ஓபன் இன் வியூ இருந்தால் முதல் க்வெரிக்கு எடுத்த கனெக்ஷன் ரிக்வெஸ்ட் முடியும் வரை கையிலேயே இருக்கும். கன்ட்ரோலருக்குள் கூரியர் நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிட்டு அது ஐந்து நொடி எடுத்தால், அந்த ஐந்து நொடியும் கனெக்ஷன் சும்மா கிடக்கும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் அப்படி நின்றால் பதினோராவது ஆளுக்குத் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பண்டிகை வாரம் முழுக்க இப்படித்தான் போனது. தரவுத்தளம் சும்மா இருக்கிறது, சிபியு சும்மா இருக்கிறது, எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். காரணம் தெரிய எங்களுக்கு நான்கு நாள் ஆனது.

கானாடுகாத்தான்_நிரலர் – மாலை 4:50

கனெக்ஷன் அவ்வளவு நேரம் பிடித்து வைக்கப்படுகிறது என்பது எனக்குத் தெரியாது. பணம் செலுத்தும் பகுதியில் நான் வெளிச் சர்வரைக் கூப்பிடுகிறேன். இன்றே பார்க்கிறேன்.

பட்டாலை_பையன் – இரவு 8:15

ஓபன் இன் வியூவை நான் அணைத்துப் பார்த்தேன். பதினான்கு இடத்தில் விழுந்தது! முதலில் பயந்துவிட்டேன். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, நான் எழுதியதாக நினைக்காத க்வெரிகள் எல்லாம் அந்தப் பதினான்கு இடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன என்று தெரிந்தது. ஆர்டர் பட்டியல் திரையை மறுபடி ஓபன் இன் வியூ ஆன் செய்து, ஜெனரேட்_ஸ்டாடிஸ்டிக்ஸ் போட்டு எண்ணினேன். 120 ஆர்டர். பட்டியலுக்கு 1, ஒவ்வோர் ஆர்டரின் ஐட்டம்ஸுக்கு 120, வாடிக்கையாளர்களுக்கு 95, பலகார வகைகளுக்கு 18. மொத்தம் 234 க்வெரி, ஒரு திரைக்கு. ஆச்சி "கொஞ்சம் மெதுவாத்தான் தம்பி வருது" என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் இன்டர்நெட் என்று நினைத்தேன்.

இப்போது பட்டியலை 20 ஆர்டராகப் பக்கம் பிரித்து, ஐட்டம்ஸ், முன்பணம் இரண்டையும் ஜாயின் ஃபெட்ச் செய்யப் போனேன். மல்டிபிள்பேக்ஃபெட்ச்எக்ஸெப்ஷன் என்று புதிதாக ஒன்று வருகிறது.

கோட்டையூர்க்காரர் – இரவு 9:05

120 ஆர்டருக்கு வாடிக்கையாளர் க்வெரி 95 ஏன் என்று யோசித்தீர்களா? ஒரே செஷனுக்குள் ஒரு முறை எடுத்த வாடிக்கையாளரை இரண்டாவது முறை கேட்டால் நினைவிலிருந்தே கொடுத்துவிடும். பலகாரம் 18 ஆனதும் அதனால்தான். வாடிக்கையாளர்கள் கூடக்கூட இந்த எண்ணும் கூடிக்கொண்டே போகும்.

இப்போது உங்கள் புதுப் பிழை. ஐட்டம்ஸ், முன்பணம் இரண்டும் லிஸ்ட். ஹைபர்னேட் மொழியில் வரிசை இல்லாத லிஸ்டுக்கு பேக் என்று பெயர், இரண்டு பேக்கை ஒரே க்வெரியில் எடுக்க மறுக்கும். இணையத்தில் தேடினால் லிஸ்டை செட் ஆக்கு என்று சொல்வார்கள், பிழை போய்விடும். போகட்டும், ஆனால் தரவுத்தளம் என்ன செய்கிறது? ஓர் ஆர்டரில் 12 ஐட்டம், 4 முன்பணம் என்றால் 12 பெருக்கல் 4, 48 வரிசைகள் அனுப்புகிறது. நீங்கள் செட்டில் போட்டதால் இரட்டிப்பு கண்ணில் படாது, ஆனால் அத்தனையும் வந்துதான் போகிறது. ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் இரண்டு க்வெரி எழுதுங்கள். முதலாவதில் ஐட்டம்ஸ், இரண்டாவதில் முன்பணம். ஒரே ஆர்டர் ஆப்ஜெக்ட்டிலேயே இரண்டும் போய் நிரம்பும். அல்லது முன்பணத்தின் மேல் @பேட்ச்சைஸ் 50 போடுங்கள், ஒன்றைத் தொட்டால் ஐம்பது ஆர்டரின் முன்பணத்தை ஒரே க்வெரியில் எடுத்து வரும்.

பக்கம் பிரிக்கும்போது இன்னொரு குழி இருக்கிறது. கலெக்ஷனை ஜாயின் ஃபெட்ச் செய்துவிட்டு 20 மட்டும் வேண்டும் என்று கேட்டால், ஜாயின் ஆன வரிசையில் 20 ஆர்டர் எங்கே முடிகிறது என்று தரவுத்தளத்துக்குத் தெரியாது. ஹைபர்னேட் எல்லா ஆர்டரையும் நினைவகத்துக்கு இழுத்து அங்கே 20 எண்ணிக் கொடுக்கும். பிழை வராது, லாக்கில் "அப்ளையிங் இன் மெமரி" என்று ஓர் எச்சரிக்கை மட்டும் வரும். அதைப் பிழையாகவே ஆக்க ஓர் அமைப்பு இருக்கிறது, ஃபெயில்_ஆன்_பேஜினேஷன்_ஓவர்_கலெக்ஷன்_ஃபெட்ச். ட்ரூ ஆக்கிவிடுங்கள். பிறகு முதலில் ஐடிகளை மட்டும் பக்கம் பிரித்து எடுங்கள், அந்த 20 ஐடியை வைத்து அடுத்த க்வெரியில் ஐட்டம்ஸோடு எடுங்கள். இரண்டாவது க்வெரியிலும் ஆர்டர் பை எழுத மறக்காதீர்கள், நீங்கள் கொடுத்த ஐடி வரிசையில் திரும்பி வரும் என்ற உறுதி கிடையாது.

சிங்கப்பூர்_வளவு – இரவு 10:40

பள்ளத்தூர்க்காரன், இப்போது சிங்கப்பூரில். இது ஜாவாவுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. நாங்கள் பைத்தான், எஸ்க்யூஎல்ஆல்கெமி. அங்கே இதற்குப் பெயர் டிடாச்ட்இன்ஸ்டன்ஸ்எரர். அங்கே கமிட் ஆனவுடன் எல்லா ஆப்ஜெக்ட்டும் காலாவதி ஆகிவிடும், அதற்கு எக்ஸ்பையர்_ஆன்_கமிட் என்று பெயர், இயல்பாகவே ட்ரூ. கமிட் செய்து செஷனை மூடியபின் ஆர்டரின் பெயரைக் கேட்டால்கூட விழும், கலெக்ஷன் வரை போகவே வேண்டாம். நாங்கள் உறவுகளில் லேசி = "ரெய்ஸ்" என்று போட்டுவிட்டோம்; எங்கே தொட்டாலும் உடனே பிழை, செஷன் திறந்திருந்தாலும். அதனால் எழுதிச் சோதிக்கும்போதே தெரிந்துவிடுகிறது, வாடிக்கையாளர் கைக்குப் போனபிறகு அல்ல. ரெயில்ஸ் 6.1 முதல் ஸ்ட்ரிக்ட் லோடிங் என்று இதே யோசனை உண்டு, லாராவெலில் பிரிவென்ட் லேசி லோடிங். ஜாங்கோ பிழையே தராமல் பேசாமல் க்வெரி ஓட்டிக்கொண்டிருக்கும், அங்கே நாம்தான் செலக்ட்_ரிலேட்டட், பிரீஃபெட்ச்_ரிலேட்டட் என்று பார்த்து எழுத வேண்டும்.

ஹைபர்னேட் குறைந்தபட்சம் விழுந்து சொல்கிறதே, அதை நான் நல்லது என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

புதுவயல்_நிரலி – இரவு 11:00

இதைத் தொட்டு ஒன்று. பிழையை மறைக்க, ஆப்ஜெக்ட்டை ஜேசன் ஆக்கும் ஜாக்சன் நூலகத்துக்கு ஒரு ஹைபர்னேட் மாட்யூல் சேர்ப்பார்கள். எடுக்கப்படாத கலெக்ஷனை அது "நல்" (வெற்று மதிப்பு) என்று எழுதி அனுப்பிவிடும். ஒரு மொபைல் ஆப்பில் இது நடந்து நான் பார்த்திருக்கிறேன். ஆர்டரைத் திறந்தால் "உருப்படிகள்: 0". பிழை இல்லை, லாக்கில் ஒன்றும் இல்லை, பேக்கிங் பையன் ஆர்டர் காலி என்று ஓரமாக வைத்துவிட்டான். கல்யாண வீட்டிலிருந்து போன் வந்தபிறகுதான் தெரிந்தது. திரையில் பிழை வந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள்.

என்டிட்டியை நேரடியாக ஜேசன் ஆக்காதீர்கள். சிட்டைக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் வைத்து ஒரு ரெக்கார்ட் எழுதுங்கள்: ஆர்டர் எண், பெயர், ஊர், அனுப்பும் தேதி, பலகாரமும் எடையும். டிரான்ஸாக்ஷனுக்குள் அதை நிரப்பி, வெளியே அதை மட்டும் அனுப்புங்கள். அதில் ப்ராக்ஸி எதுவும் இருக்காது, எங்கே கொண்டுபோனாலும் விழாது.

டூஸ்ட்ரிங் போன்ற மெத்தட்களைத் தானாக எழுதித் தரும் லாம்பாக்கின் @டேட்டாவை என்டிட்டி மேல் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். டூஸ்ட்ரிங்கில் எல்லா ஃபீல்டையும் சேர்த்துவிடும், லாக்கில் ஆர்டரை அச்சடிக்கும் ஒரு சாதாரண வரியே ஐட்டம்ஸைத் தொட்டு விழும். ஸ்டாக் டிரேஸில் டூஸ்ட்ரிங் என்ற சொல் தெரிகிறதா என்று முதலில் பார்ப்பது என் வழக்கம்.

தேவகோட்டை_தம்பி – மறுநாள் காலை 7:30

ராத்திரி முழுக்கப் படித்தேன். என் ப்ராஜெக்ட்டில் ஈகர் என்று தேடினால் 31 இடம். ஒன்று கேட்க வேண்டும், என் டெஸ்ட் எல்லாம் பச்சையாக ஓடுகிறது, இதை டெஸ்டில் எப்படிப் பிடிப்பது?

கோட்டையூர்க்காரர் – மறுநாள் காலை 8:10

@டேட்டாஜேபிஏடெஸ்ட் போட்டிருப்பீர்கள். அது ஒவ்வொரு டெஸ்டையும் ஒரு டிரான்ஸாக்ஷனுக்குள் ஓட்டுகிறது, டெஸ்ட் முடியும் வரை செஷன் திறந்தே இருக்கும், எதைத் தொட்டாலும் கிடைக்கும். அதனால் பச்சை. சர்வீஸைச் சோதிக்கும்போது டெஸ்ட் மேல் @டிரான்ஸாக்ஷனல் போடாமல் எழுதுங்கள். அல்லது தேடி எடுத்தவுடன் என்டிட்டிமேனேஜரில் கிளியர் கூப்பிட்டுவிட்டு ஐட்டம்ஸைத் தொடுங்கள், ஃபெட்ச் ஆகாதது அங்கேயே விழும். அப்புறம் ஸ்டாடிஸ்டிக்ஸிலிருந்து எத்தனை ஸ்டேட்மென்ட் ஓடியது என்று எடுத்து, பட்டியல் திரைக்கு இத்தனைதான் என்று அசெர்ட் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது ஒரு ஃபீல்டைச் சேர்த்தால் அந்த எண் உடையும்.

31 இடத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள் தம்பி. அதிகம் பயன்படும் திரை ஒன்றை எடுங்கள், எண்ணுங்கள், மாற்றுங்கள், மறுபடி எண்ணுங்கள்.

பட்டாலை_பையன் – மறுநாள் மாலை 6:20

முடித்துவிட்டேன். ஓபன் இன் வியூ ஃபால்ஸ். பட்டியல் திரையில் முன்பணம் எதற்கு என்று ஆச்சியிடமே கேட்டேன், "பாக்கி எவ்வளவுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றார். பாக்கி ஆர்டர் டேபிளிலேயே இருக்கிறது, அந்த ஃபெட்ச் தேவையே இல்லாமல் போனது. இப்போது ஒரு பக்கத்துக்கு 3 ஸ்டேட்மென்ட்: ஐடிகளுக்கு ஒன்று, மொத்த எண்ணிக்கைக்கு ஒன்று, ஐட்டம்ஸ், பலகாரம், வாடிக்கையாளரோடு ஆர்டர்களுக்கு ஒன்று. பக்கத்தை 50 ஆக்கினாலும் அதே 3.

நடுவில் ஒரு தவறு செய்தேன், மற்றவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். மதியம் ஆச்சி கூப்பிட்டு இரண்டு ஆர்டர் காணவில்லை என்றார். நோட்டில் இருக்கிறது, திரையில் இல்லை. முன்பணம் மட்டும் வாங்கிக்கொண்டு பலகாரம் பிறகு சொல்கிறோம் என்று போனவர்கள், அதாவது ஐட்டம்ஸ் காலியான ஆர்டர்கள். ஜாயின் ஃபெட்ச் வெறும் ஜாயின் என்பதால் ஐட்டம் இல்லாத ஆர்டரைத் தள்ளிவிட்டது. ஐட்டம்ஸுக்கும் அதன் பலகாரத்துக்கும் லெஃப்ட் ஜாயின் ஃபெட்ச் என்று மாற்றினேன், இரண்டும் திரும்ப வந்தன. அவர் நோட்டை வைத்துச் சரிபார்க்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

சிட்டை இப்போது ரெக்கார்டிலிருந்துதான் அச்சாகிறது. இன்று பதினேழு ஆர்டர், பதினேழு சிட்டை. கடைசியாக வந்தது ஒரு சாந்திக் கல்யாணத்துக்கு, மனகோலம் 12 கிலோ, தேன்குழல் 10, அதிரசம் 300 எண்ணம். சிட்டையைப் போட்டோ எடுத்து ஆச்சி அனுப்பியிருக்கிறார், மேலே எண்ணெய்க் கறை பட்டிருக்கிறது.

கோட்டையூர்க்காரர் – மறுநாள் மாலை 6:45

சந்தோஷம் தம்பி. சிட்டைக்கு நான் கொடுத்த க்வெரியிலும் வெறும் ஜாயின்தான் இருக்கிறது, அதையும் லெஃப்ட் ஆக்கிவிடுங்கள். மறு அச்சில் ஐட்டம் இல்லாத ஆர்டரை யாராவது அழுத்தினால் "ஆர்டர் கிடைக்கவில்லை" என்று வரும். நான் கவனிக்காமல் எழுதியது அது.